சாம்பாருக்கு ஒரு பாத்திரம் வேண்டும்

வீடு தேடி வரும் ஹோட்டல் சாப்பாட்டின் பொட்டலம் குறித்த கோரிக்கைச் சாசனம்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பெருங்குடி வட்டாரத்தில் குடியிருப்பவர்கள், இங்கே சிறு ஹோட்டலும் மெஸ்ஸும் நடத்துபவர்கள், சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுபவர்கள், காலையில் வீட்டுக்கு வீடு குப்பை வாங்குகிற தூய்மைப் பணியாளர்கள் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதியது இந்தச் சாசனம். தமிழ்நாடு அரசு, சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உணவுப் பாதுகாப்புத் துறை, உணவு டெலிவரி செயலி நிறுவனங்கள், ஹோட்டல் உரிமையாளர்கள் ஆகியோர் முன் இதை வைக்கிறோம்.

பேசத் தொடங்கிய அன்று முதலில் ஒரு காரியம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டுக்கு வந்த பார்சலைக் கூடத்தில் பாய் விரித்து, எல்லாரும் பார்க்கப் பிரித்தோம். இரண்டு பேருக்கான சைவச் சாப்பாடு. சோற்றுக்கு 2 பெரிய டப்பா. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் நான்குக்கும் ஆளுக்கொன்றாக 8 சிறிய டப்பா. பொரியலுக்கும் கூட்டுக்கும் 4. பாயசத்துக்கு 2. ஆக 16 டப்பா, அவற்றுக்கு 16 மூடி. குழம்பு வகை சிந்தாதிருக்க அந்த 8 டப்பாவிலும் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் 8. ஊறுகாய் பாக்கெட் 2, ஸ்பூன் 2, அப்பளத்துக்கு ஒரு கவர், எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்த பை ஒன்று. மொத்தம் 46 உருப்படி. சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

எண்ணிச் சொன்னவர் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வருகிற அக்கா. எண்ணி முடித்ததும் அவரே இரண்டு குவியலாகப் பிரித்தார். டப்பாவும் மூடியும் ஒரு பக்கம், மீதியெல்லாம் இன்னொரு பக்கம். "இதைக் கழுவிக் குடுத்தா காயலான் கடையில எடுப்பாங்க. எண்ணெயோட குடுத்தா தொட மாட்டாங்க. அந்தப் பக்கம் இருக்கறது எதுக்கும் ஆகாது, நேரா கிடங்குதான்" என்றார். எத்தனை வீட்டில் கழுவிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டோம். சிரித்தார்.

அவர் சொன்ன கிடங்கு எங்களுக்குத் தூரத்தில் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே பல பத்தாண்டுகளாகக் குவிந்ததுதான் பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தபோது, இந்த வட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதே 2022-இல்தான் பள்ளிக்கரணை, ராம்சர் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கப் பெருஞ்செலவில் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே, மறுபக்கம் தினமும் மதியமும் இரவும் புதிதாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஜூன் மாத அரசாணை எண் 84-இன்படி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாள், எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையில் பிளாஸ்டிக் ஸ்பூன், முள்கரண்டி, தட்டு, குவளை வருகின்றன. எங்கள் பாயில் கிடந்த 46-இல் ஸ்பூனும், சுற்றுத் தாளும், பையும் ஏற்கெனவே தடை செய்யப்பட்டவை. தடைக்குப் பின்னும் அவை எங்கள் கூடம்வரை வந்து சேர்ந்தன. ஆனால் சோறும் சாம்பாரும் வந்த மூடி போட்ட டப்பா, பார்சலில் முக்கால் பங்கு எடை அதுதான், இந்த இரண்டு பட்டியலிலும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. குவளைக்குத் தடை, அதே குவளைக்கு மூடி போட்டால் அனுமதி என்பதுபோல் ஆகிவிட்டது.

எங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் ஒன்று உண்டு. நம் சாப்பாட்டில் கெட்டிப் பொருளுக்கு வழி எப்போதோ கண்டாயிற்று. இட்லி, தோசை, பரோட்டா, சோறு, பொரியல், வறுவல் எதற்கும் டப்பா தேவையில்லை. பார்சல் கட்டத் தெரிந்தவர் வாழை இலையை அடுப்பனலில் ஒரு வாட்டு வாட்டுவார். பச்சை நிறம் கொஞ்சம் கறுத்து, நரம்பு தளர்ந்து, இலை துணிபோல் மடியும். நடுவில் சாதத்தைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் மடித்து, மேலே தாள் சுற்றி நூலை இழுத்துக் கட்டினால் ஸ்கூட்டரில் பத்துக் கிலோமீட்டர் போனாலும் அவிழாது. மந்தாரை இலை, தாமரை இலை, தைத்த இலை, பனையோலைக் கொட்டான் என்று ஊருக்கு ஊர் ஒன்று இருந்தது. காஞ்சிபுரம் கோயில் இட்லி இன்றைக்கும் மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில்தான் வேகிறது.

சிக்கல் எப்போதும் சாம்பாரில்தான். ரசத்தில், சால்னாவில், மோரில். நீராக இருப்பதை இலை தாங்காது. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துப் போனோம். ஆள் போகாமல் சாப்பாடு மட்டும் வருகிற நாள் வந்ததும் தூக்குவாளி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன் இடத்தைக் கவர் பிடித்தது, பிறகு டப்பா பிடித்தது. அதனால் இந்தச் சாசனத்தின் நடுக் கோரிக்கை குழம்பு வகைக்கு ஒரு பாத்திரம், அது திரும்பிப் போக ஒரு வழி. மற்றவை அதைச் சுற்றி வருபவை.

1. குழம்பு வகைக்குத் திரும்பும் பாத்திரம்

சாம்பார், ரசம், குழம்பு, சால்னா, மோர், பாயசம் ஆகியவை மூடி இறுக்கமாகப் பூட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் வர வேண்டும். பாத்திரத்துக்கு முன்பணம் பில்லில் தனியாகக் காட்டப்பட வேண்டும். காலிப் பாத்திரம் திரும்பியதும் அந்தப் பணம் தானாக வாடிக்கையாளர் கணக்குக்கு வர வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் தங்கள் சமையலறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. முதல் கேனுக்கு முன்பணம் கட்டினோம், அதன்பின் நிரம்பியது வரும்போது காலியானது போகிறது. கேஸ் சிலிண்டரும் அப்படியே. டாஸ்மாக் கடைகளில்கூட அது வந்துவிட்டது. காட்டில் கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் வரை போய், சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மதுப் பாட்டிலுக்கு அரசு கட்டியெழுப்பிய ஏற்பாட்டைச் சாம்பார்ப் பாத்திரத்துக்கும் கட்டியெழுப்பச் சொல்கிறோம்.

பாத்திரம் ஒரே அளவாக, ஒரே மூடியாக இருக்க வேண்டும் என்பது இதில் உயிர்நாடி. ஹோட்டலுக்கு ஒரு வடிவம் என்று விட்டால் எதுவும் திரும்பாது. மூன்று அளவு போதும். எந்த ஹோட்டலில் வாங்கியதையும் எந்த ஹோட்டலிலும் திருப்பலாம் என்று இருக்க வேண்டும். அடுத்த ஆர்டர் வரும்போது காலிப் பாத்திரத்தை அதே ஊழியரிடம் கொடுக்கலாம். ஆர்டர் போடாதவர் ரேஷன் கடை, ஆவின் பாலகம், அடுக்குமாடியின் வாசல் என்று நடந்து போகும் தூரத்தில் ஒரு பெட்டியில் போடலாம். வேளச்சேரியிலும் இந்த வட்டாரத்தின் மூன்று வார்டுகளிலும் ஆறு மாதம் முன்னோட்டமாக இதை நடத்த மாநகராட்சி முன்வர வேண்டும் என்று கேட்கிறோம்.

கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான், 2019-இல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுபவரின் தட்டையும் கிண்ணத்தையும் ஹோட்டல்கள் தினமும் கழுவத்தான் செய்கின்றன. சிறு கடைகளால் முடியாது என்றால் மண்டலத்துக்கு ஒரு பொதுக் கழுவுமிடம் வேண்டும். அங்கே நீராவியில் கிருமி நீக்கும் வசதியும் கழுவிய நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடும் இருக்க வேண்டும். அந்த வேலையை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கலாம்.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், பார்சல் தரும் உணவகங்கள் திரும்பப் பயன்படும் பாத்திரத்தையும் வாடிக்கையாளருக்கு முன்வைத்தாக வேண்டும் என்று சட்டம். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத, 80 சதுர மீட்டருக்கு மிகாத கடைகளுக்கு விலக்கு உண்டு. அவர்களும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுத் தர மறுக்கக் கூடாது. அந்த விலக்கின் அளவு எங்கள் ஊர் மெஸ்ஸுக்கும் பொருந்தும்.

2. கெட்டிப் பொருளுக்கு இலை

டிபன் வகையும் சோறும் பொரியலும் வாழை இலையிலோ தைத்த இலையிலோ கட்டித் தருவதே வழக்கம் என்று இருக்க வேண்டும். டப்பா வேண்டுமென்றால் வாடிக்கையாளர் கேட்டு வாங்கட்டும். மேலே சுற்றுவதற்கு அச்சிடாத பழுப்புத் தாள், கட்டுவதற்குப் பருத்தி நூல் அல்லது வாழைநார். செய்தித்தாளில் உணவு கட்டுவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள் தடுக்கின்றன. அச்சு மையில் இருப்பது சூடான, எண்ணெய் பட்ட உணவில் இறங்கும். இலைக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டும் பழக்கம் இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்கிறது.

திருச்சி, தேனி, ஈரோடு, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து இலை கட்டுக்கட்டாகக் கோயம்பேட்டுக்கு வருகிறது. முகூர்த்த நாளில் விலை ஏறும், மறுநாள் விழும். மாநகராட்சியோ ஹோட்டல் சங்கமோ ஆண்டு முழுவதற்கும் ஒரு விலை பேசி வாங்கினால் விவசாயிக்கும் நிம்மதி, கடைக்கும் நிம்மதி. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பார்சல் இலை இரண்டு நாள் வாடாமல் இருப்பதற்கும், அச்சில் அழுத்திக் கிண்ணமாக்குவதற்கும் அந்த மையத்தின் உதவியை அரசு கேட்க வேண்டும்.

3. டப்பாவுக்கும் சட்டத்தில் பெயர்

ஒருமுறைப் பயன்பாட்டு மூடி டப்பாவையும் குழம்பு கட்டும் மெல்லிய கவரையும் மாநிலத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நாளைக்கே என்று கேட்கவில்லை. முதலில் கறுப்பு டப்பா, ஆறு மாதத்துக்குள். கறுப்புக்கு நாங்கள் முதலிடம் கொடுக்கக் காரணம் உண்டு. கரிமச் சாயம் சேர்த்த பிளாஸ்டிக்கை, அகச்சிவப்பு ஒளியால் வகை பிரிக்கும் இயந்திரம் அடையாளம் காணாது. கையால் பிரிக்கிற இடத்திலும் அதற்கு விலை இல்லை. பார்வைக்கு உயர்ந்த ரகமாக இருப்பதால்தான் பிரியாணிக் கடைகள் அதை விரும்புகின்றன. கறுப்பு முடிந்ததும் மற்ற டப்பாக்களுக்கு இரண்டு வருடக் கெடு வைக்கலாம், அதற்குள் முதல் கோரிக்கையின் பாத்திரம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

4. மாற்று என்ற பெயரில் ஏமாற்று வேண்டாம்

இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல மனதோடு காசு செலவழிக்கிறவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள்.

காகிதக் கிண்ணம் காகிதம் மட்டும் அன்று. உள்பக்கம் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள், பளபளவென்று ஒரு படலம் உரியும். அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்குத் தமிழ்நாடு விதித்த தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குவளை என்றுதானே சொன்னார்கள் என்று இப்போது அதே காகிதத்தில் அகலக் கிண்ணம் செய்து பிரியாணியும் கிரேவியும் போகின்றன. கிண்ணம், பெட்டி, குவளை எந்த வடிவமானாலும் பிளாஸ்டிக் பூசிய காகிதம் தடைக்குள் வரும் என்று அரசு ஒரு விளக்க ஆணை போட வேண்டும்.

சோளமாவில் செய்தது, மண்ணில் மக்கும் என்று பச்சை எழுத்தில் அச்சிட்டு வருகிற பி.எல்.ஏ. டப்பா ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டிலேயே தளரத் தொடங்கும். கொதிக்கும் சாம்பாருக்கு அது ஆகாது. அது மக்குவதற்கும் தொழிற்கூட உரக்கிடங்கில் அதே அளவு சூட்டை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். நம் வீட்டுத் தொட்டியிலோ பெருங்குடி மேட்டிலோ அந்தச் சூடு கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் இல்லாமல் 'மக்கும்' என்று அச்சிட்டு விற்பவர்கள்மீது நடவடிக்கை வேண்டும். சான்றிதழ் பெற்ற டப்பா எந்த உரக்கிடங்குக்குப் போகும் என்பதை மாநகராட்சி சொல்ல வேண்டும். அப்படி ஒரு கிடங்கு இல்லையென்றால் அந்த டப்பாவையும் பிளாஸ்டிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

கரும்புச் சக்கைக் கிண்ணம் இவற்றைவிடப் பரவாயில்லை. சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் கரூர் காகித ஆலைக்கு நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது, மூலப்பொருளும் தொழிலும் இங்கேயே உள்ளவை. ஆனால் எண்ணெய் ஊறாமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் சேர்க்கும் ஃபுளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாதவை. அவை சேர்க்கவில்லை என்று சோதனைச் சான்று காட்டும் கிண்ணத்தை மட்டும் அனுமதிக்க வேண்டும். பாக்குமட்டைத் தட்டு பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கில் இயல்பாக உள்ள சேர்மங்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கலாம் என்று 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்குப் பிழைப்பு அந்தத் தட்டு. உணவுப் பாதுகாப்புத் துறை நம் சமையல், நம் சூடு, நம் புளிப்பு ஆகியவற்றோடு அதைச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். பாதுகாப்பானது என்றால் தயாரிப்பவர்கள் தலை நிமிர்ந்து விற்கட்டும். இல்லையென்றால் அவர்களுக்கு வேறு தொழிலுக்கு மாற அரசு கைகொடுக்க வேண்டும்.

5. செயலி நிறுவனங்களிடம்

ஸ்பூனும் டிஷ்யூவும் கேட்டால் மட்டும் அனுப்புவது என்று 2021 ஆகஸ்டில் ஸொமாட்டோ மாற்றியது. கேட்காவிட்டாலும் வரும் என்றிருந்ததை, கேட்டால்தான் வரும் என்று திருப்பிய அந்தச் சின்ன மாற்றத்தை நாங்கள் மதிக்கிறோம். அதே முறையை ஊறுகாய் பாக்கெட், சாஸ், கூடுதல் கிண்ணம், வெளிப்பை எல்லாவற்றுக்கும் எல்லாச் செயலிகளும் கொண்டுவர வேண்டும். செயலியில் சொல்லியும் ஹோட்டல் போட்டனுப்பினால் அது புகாராகப் பதிவாக வேண்டும்.

பேக்கிங் கட்டணம் என்று பில்லில் வாங்குகிற பணத்துக்கு எந்தப் பொருளில் கட்டினார்கள் என்பது பக்கத்திலேயே தெரிய வேண்டும். இலைக்கும் திரும்பும் பாத்திரத்துக்கும் அந்தக் கட்டணம் இருக்கக் கூடாது. பாத்திரத்துக்கு முன்பணம் மட்டும் போதும்.

கணக்கு வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். 2022 ஜனவரி 1 முதல் ஹோட்டல் சாப்பாட்டுக்கான ஜி.எஸ்.டி.யைச் செயலி நிறுவனங்களே வசூலித்துக் கட்டுகின்றன. அதாவது ஒவ்வொரு பார்சலுக்கும் அவர்களிடம் பதிவு இருக்கிறது. வரிக்கு எண்ண முடிந்தவர்களால் டப்பாவையும் எண்ண முடியும். மண்டலவாரியாக, மாதந்தோறும், எந்தப் பொருளில் எத்தனை பார்சல் என்று அவர்கள் வெளியிட வேண்டும். பிளாஸ்டிக் பொட்டலத்துக்கான உற்பத்தியாளர் பொறுப்பு பற்றிய 2022 பிப்ரவரி வழிகாட்டுதல்கள், இணைய விற்பனைத் தளங்களையும் பொறுப்பாளிகள் வரிசையில் வைத்துப் பேசுகின்றன. ஹோட்டல் பார்சலில் அந்தப் பொறுப்பு யாருக்கு, எவ்வளவு என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுத்தில் தெளிவாக்க வேண்டும்.

6. வண்டி ஓட்டுபவருக்கும் குப்பை எடுப்பவருக்கும்

டப்பா ஒழுகினால் திட்டு வாங்குபவர் அதைக் கட்டியவர் இல்லை, கொண்டுவந்தவர். எங்களோடு உட்கார்ந்த ஒரு தம்பி, மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்க் கொடுத்த ரசம் பைக்குள்ளேயே கொட்டியிருந்ததால் தன் மதிப்பெண் குறைந்த கதையைச் சொன்னார். பொட்டலத்தின் குறைக்கு டெலிவரி ஊழியரின் மதிப்பெண்ணிலோ ஊதியத்திலோ கை வைக்கக் கூடாது. காலிப் பாத்திரம் திரும்ப எடுத்துப் போவது கூடுதல் வேலை, அதற்குத் தனியாகக் காசு வேண்டும். எவர்சில்வரின் எடையை மனதில் வைத்துத்தான் ஒரு தடவையில் எத்தனை ஆர்டர் என்பதை முடிவு செய்ய வேண்டும். இணையத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு அமைத்துள்ள நலவாரியத்தைக் கேட்காமல் இந்த ஏற்பாட்டை வகுக்கக் கூடாது.

தூய்மைப் பணியாளர்களின் கோரிக்கை ஒரே வரி, அவர்கள் சொன்னபடியே எழுதுகிறோம்: எச்சில் டப்பாவை நாங்கள் கையால் பிரிக்க மாட்டோம், கழுவித் தராத வீட்டின் பிளாஸ்டிக்கை வாங்க மறுக்க எங்களுக்கு உரிமை வேண்டும், மறுத்ததற்காக மேஸ்திரி எங்களைக் கேட்கக் கூடாது.

7. சிறு கடைகளுக்கு

ஒரு டப்பாவுக்கும் ஒரு மாற்றுப் பொருளுக்கும் இடையில் உள்ள சில ரூபாய் வித்தியாசம் பெரிய ஹோட்டலுக்குத் தெரியாது. இட்லி விற்கும் கடைக்கு அது அன்றைய லாபம். அபராதத்தைச் சின்னக் கடையில் தொடங்கிப் பெரிய கடையில் மறந்துபோகும் வழக்கத்தை மாற்றி, மேலிருந்து தொடங்க வேண்டும். பாத்திரம் வாங்கச் சிறு கடைகளுக்கு வட்டியில்லாக் கடன் வேண்டும். செயலி நிறுவனங்கள், திரும்பும் பாத்திரத்தில் அனுப்பும் ஆர்டருக்குக் கமிஷனைக் குறைக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு

கேட்பவர்கள் செய்யவும் வேண்டும். கையெழுத்திடும் வீடுகள் இந்த மாதம் முதல் மூன்றை நடைமுறைப்படுத்துகின்றன. நடந்து போகும் தூரத்தில் உள்ள கடைக்குச் செயலியில் ஆர்டர் போடாமல் தூக்குவாளியோடு போவது. வந்துவிட்ட டப்பாவைக் கழுவிக் காயவைத்துத் தனியாகக் கொடுப்பது. இலையில் கட்டித் தரும் கடைகளின் பெயரை அடுக்குமாடி அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது. எங்களோடு கையெழுத்திட்ட இரண்டு மெஸ்காரர்கள் வீட்டிலிருந்து வரும் பாத்திரத்துக்குச் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சாசனத்தின் படி மண்டல அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் செயலி நிறுவனங்களின் சென்னை அலுவலகங்களிலும் கொடுக்கப்படும். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் கேட்கிறோம். அந்த முப்பதாம் நாள், பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதே கூடத்தில் அதே பாயை விரித்து இன்னொரு பார்சலைப் பிரிப்போம். எண்ணுவதற்கு அக்கா வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.